வடிந்துவிட்டால் காலியா? தானியங்கி வேதிக்கலத்திலிருந்து திரவம் வெளியேறும் கதை

ரசாயனப் பொருள்களைத் தானாகத் தயாரிக்கும் எந்திரங்களைப் பற்றிப் பேசும்போது எல்லோருடைய கவனமும் ஊற்றுவதிலேயே இருக்கிறது. எதை ஊற்றுகிறது, எவ்வளவு துல்லியமாக ஊற்றுகிறது, எத்தனை புட்டிகள் மாட்டலாம் என்றெல்லாம் கேட்பார்கள். ஊற்றியதை வெளியே எடுப்பது பற்றிக் கேட்பவர் அபூர்வம். "கீழே ஒரு குழாய் இருக்கும், திறந்தால் வடிந்துவிடும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1969-ல் பெர்ன்ட் குட்டேயும் புரூஸ் மெரிஃபீல்டும் ரிபோநியூக்ளியேஸ் ஏ என்ற நொதியை எந்திரத்தின் உதவியோடு தயாரித்தார்கள். 124 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி அது. அதற்குத் தேவைப்பட்டவை 369 வேதிவினைகள். ஆனால் எந்திரம் செய்த தனித்தனி வேலைகள் 11,931! அதாவது ஒரு வினைக்கு 32 வேலைகள். அந்த வேலைகளில் பெரும்பகுதி வால்வைத் திற, ஊற்று, குலுக்கு, வெளியேற்று, மறுபடி ஊற்று என்பதுதான். வேதிவினைகளைவிட ஊற்றி அலசும் வேலைகளே அதிகம் என்று சொன்னாலும் தப்பில்லை.

எதற்காக வெளியேற்ற வேண்டும்?

பாசிமணி கோர்க்கும்போது நூலின் ஒரு முனையை ஆணியில் கட்டிவிட்டால் வேலை எளிதாகும். மணி உருண்டோடாது, நூலும் கைநழுவாது. 1963-ல் மெரிஃபீல்டு வெளியிட்ட யோசனை இதுதான். பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்த பொருள். அந்தச் சங்கிலியின் ஒரு முனையை ரெசின் என்னும் பிளாஸ்டிக் துகளில் பிணைத்துவிட்டார். துகளின் விட்டம் பெரும்பாலும் 75 முதல் 150 மைக்ரோமீட்டர். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். இப்படித் திடப்பொருளில் கட்டிவைத்துச் சங்கிலியை வளர்க்கும் முறைக்குத் திடநிலைத் தொகுப்பு என்று பெயர். 1984-ல் வேதியியல் நோபல் பரிசு இதற்காகத்தான் அவருக்குக் கிடைத்தது.

இந்த முறையின் வசதி எங்கே இருக்கிறது? நமக்கு வேண்டியது துகளில் ஒட்டியிருக்கிறது; வேண்டாதது எல்லாம் திரவத்தில் மிதக்கிறது. திரவத்தை அகற்றினால் சுத்திகரிப்பு முடிந்தது. முன்பு ஒவ்வொரு கட்டத்திலும் பொருளைப் பிரித்து, படிகமாக்கி, சுத்தம் செய்யவேண்டியிருந்தது. அத்தனையையும் ஒரு வடிகுழாயிடம் ஒப்படைத்துவிட்டோம். குழாய் சொதப்பினால் அடுத்து காப்பாற்ற யாரும் இல்லை.

சொதப்பினால் என்ன ஆகும்? எந்திரத்துக்குள் வரும் ஒவ்வொரு அமினோ அமிலத்தின் தலையிலும் ஒரு தொப்பி இருக்கும். தொப்பி இருக்கும்வரை அதன்மேல் இன்னொன்று ஏற முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் சேரும். சேர்ந்தபின் பிப்பெரிடின் என்ற காரத் திரவத்தை ஊற்றித் தொப்பியைக் கழற்றுவார்கள். பிறகு அலசி, அடுத்த அமினோ அமிலத்தை அனுப்புவார்கள். அந்தக் காரம் கொஞ்சம் தங்கிவிட்டால், புதிதாக வந்து சேர்ந்த அமினோ அமிலத்தின் தொப்பியையும் அது உடனே கழற்றிவிடும். காலியான தலையில் அதே அமினோ அமிலம் இன்னொரு முறை ஏறிக்கொள்ளும். விளைவு: ஒரு எழுத்து இரண்டு முறை அச்சான சொல் போன்ற சங்கிலி. சரியான சங்கிலியோடு ஒப்பிட்டால் ஒரே ஒரு கண்ணிதான் வித்தியாசம் என்பதால், கடைசியில் இதைப் பிரித்தெடுப்பது பெரும் தலைவலி.

டிஎன்ஏ துண்டுகளைத் தயாரிக்கும் எந்திரங்களில் எதிரி வேறு. அங்கே தண்ணீர். ஒரு கட்டத்தில் தண்ணீர் கலந்த திரவத்தை ஊற்றியே ஆகவேண்டும். ஆனால் அடுத்த கட்டத்தில் வரும் மூலப்பொருள் தண்ணீரைக் கண்டால் சங்கிலியை விட்டுவிட்டு அதோடு சேர்ந்துகொள்ளும். துளி ஈரம் தங்கினாலும் அந்தக் கட்டத்தின் வெற்றி விகிதம் குறையும். ஒவ்வொரு கட்டமும் 99 சதவீதம் வெற்றி என்றால், 100 கண்ணிகள் கொண்ட சங்கிலியில் கடைசிவரை முழுமையாக வருவது சுமார் 37 சதவீதம். அந்த 99 வெறும் 98 ஆகக் குறைந்தால், 37 என்பது 13.5 ஆகிவிடும்.

இதுவரை பார்த்தது: பொருள் துகளில் ஒட்டியிருக்கிறது, அழுக்கு திரவத்தில் இருக்கிறது, திரவத்தை வெளியேற்றுவதுதான் ஒரே சுத்திகரிப்பு. அதில் விழும் சின்னப் பிழை, கட்டத்துக்குக் கட்டம் பெருகும்.

வடிந்தது என்றால் காலி ஆனது என்று பொருளா?

சோப்பு நுரையோடு இருக்கும் துணியை வாளியிலிருந்து தூக்குங்கள். வாளி காலி. துணி காலியா? முறுக்கிப் பிழிந்தபிறகும் அதில் ஈரம் இருக்கும், ஈரத்தில் சோப்பும் இருக்கும். வினைக்கலத்திலும் இதே கதைதான். வினைக்கலம் என்பது துகளும் திரவமும் சேர்ந்து வேதிவினை நடக்கும் பாத்திரம். பெரும்பாலும் கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ ஆன சிறு உருளை.

கலம் வடிவதைக் கிட்டத்தில் நின்று ஒருமுறை பார்க்கவேண்டும். முதலில் திரவ மட்டம் அமைதியாக இறங்கும். துகள்களின் மேற்பரப்பை அது தொட்டதும் பளபளப்பு மங்கி, ஈர மணல்போல் மேல்தளம் தெரியும். பிறகு துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கும். சில சமயம் சுவரோரமாக ஒரு மெல்லிய விரிசல் விழும். அந்த விரிசல் வழியாக வாயு புகுந்து ஓடும்; வெளிக்குழாயில் திரவமும் குமிழியும் மாறி மாறி வரும்; உஸ் என்ற சத்தம் கேட்கும். பார்ப்பவர் "ஆச்சு, காலி" என்று நகர்ந்துவிடுவார்.

காலி இல்லை. துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் திரவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவரிலும் குழாய் மூலைகளிலும் ஒரு படலம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, துகளுக்கு உள்ளேயே திரவம் இருக்கிறது. ரெசின் துகள் கல் போன்றதல்ல, பஞ்சு போன்றது. சரியான கரைப்பானை ஊற்றினால் சில மடங்கு உப்பிப்போகும். பொருளைக் கரைத்துவைக்கும் திரவத்துக்குத்தான் கரைப்பான் என்று பெயர். வேதிவினையில் பெரும்பகுதி நடப்பது அந்த உப்பிய உட்பகுதியில்தான் என்பதால், உள்ளே இருக்கும் திரவத்தை முழுவதும் பிழிந்தெடுக்க முடியாது, பிழியவும் கூடாது. எவ்வளவு முயன்றாலும் தங்கிவிடும் இந்தத் திரவத்தை எச்ச அளவு என்று அழைப்போம். இந்த விஷயத்தில் ஒரே ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அலசலின் கணக்கு

எச்சத்தைத் தூக்கி எறிய முடியாது என்றால் என்ன வழி? நீர்க்கச் செய்வதுதான். புதுக் கரைப்பானை ஊற்றி, கலக்கி, வடிப்பது. இங்கேதான் பலருடைய உள்ளுணர்வு தவறும்.

வடித்தபின் கலத்தில் 1 மி.லி. எச்சம் தங்குகிறது, கையில் 9 மி.லி. புதுக் கரைப்பான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றி வடித்தால், அழுக்கு பத்தில் ஒரு பங்காகக் குறையும். அதே 9 மி.லி.யை மூன்று மூன்றாகப் பிரித்து ஊற்றினால்? முதல் அலசலில் நான்கில் ஒரு பங்கு. அடுத்ததில் அதில் நான்கில் ஒன்று. மூன்றாவதில் மறுபடி நான்கில் ஒன்று. ஆக 64-ல் ஒரு பங்கு. ஐந்தாகப் பிரித்தால் 172-ல் ஒன்று. கரைப்பான் ஒரு சொட்டுகூட அதிகம் செலவாகவில்லை.

இன்னொரு பக்கம் இருந்தும் இதே கணக்கைப் பார்க்கலாம். மூன்று தடவை, தடவைக்கு 3 மி.லி. என்பதை மாற்றாமல், வடிக்கும் முறையை மட்டும் மேம்படுத்தி எச்சத்தை அரை மி.லி. ஆக்கினால், 64-ல் ஒன்று என்பது 343-ல் ஒன்று ஆகிவிடும். எந்திரம் வடிவமைப்பவர்கள் கடைசித் துளிக்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறார்கள் என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஊற்றியதும் வடித்துவிடக்கூடாது. துகளுக்குள் இருக்கும் அழுக்கு தானாக வெளியே பரவி வரவேண்டும். திரவத்தில் மூலக்கூறுகள் இப்படிப் பரவுவதை விரவல் என்பார்கள். கொஞ்சம் பொறுத்திருக்கவேண்டும், கலக்கவும் வேண்டும். அவசரப்பட்டால் துகளின் வெளிப்புறத்தை மட்டும் கழுவிய கணக்குதான்.

சுருக்கமாக: சிறிது சிறிதாகப் பல தடவை அலசுவது, ஒரே தடவை நிறைய ஊற்றுவதைவிடப் பல மடங்கு மேல். எச்சம் எவ்வளவு குறைவோ, ஒவ்வொரு அலசலுக்கும் அவ்வளவு பலன்.

கீழ்வழி: சல்லடையும் அழுத்தமும்

பெரும்பாலான எந்திரங்களில் கலத்தின் அடியில் ஃப்ரிட் என்ற நுண்துளைத் தட்டு இருக்கும். கண்ணாடித் தூளையோ பிளாஸ்டிக் தூளையோ சூடாக்கி ஒட்டவைத்துச் செய்வது. துளை துகளைவிடச் சிறியது. திரவம் போகும், துகள் போகாது. துளையைச் சின்னதாக்கினால் துகள் தப்பாது என்பது உண்மைதான், ஆனால் திரவம் போகும் வேகம் படுத்துவிடும். திறந்த பரப்பு மாறாமல் துளையின் விட்டத்தை மட்டும் பாதியாக்கினால், வேகம் கால்பங்காகிவிடும். போதாக்குறைக்கு, உடைந்த துகள்களின் பொடி போய் அடைத்துக்கொள்ளும்.

திரவத்தைத் தட்டு வழியாக நகர்த்துவது எது? "வெற்றிடம் இழுக்கிறது" என்பார்கள். வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. உறிஞ்சு குழலில் குடிக்கும்போது நடப்பதுதான் இங்கும். கீழே பம்ப் அழுத்தத்தைக் குறைக்கிறது. மேலே இருக்கும் காற்று திரவத்தைத் தள்ளுகிறது. அதனால் கீழே எவ்வளவு பெரிய பம்ப் மாட்டினாலும், மேலே திறந்த கலத்தில் கிடைக்கும் தள்ளுவிசைக்கு ஒரு வளிமண்டல அழுத்தம்தான் உச்சவரம்பு. மூடிய கலத்தில் மேலிருந்து நைட்ரஜனையோ ஆர்கானையோ செலுத்தித் தள்ளினால் அந்த வரம்பு இல்லை.

வெற்றிடத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் 40 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கும். அறை வெப்பநிலையிலும், அழுத்தத்தைப் பாதிக்குக் கீழே குறைத்தால் போதும், குழாய்க்குள்ளேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கொதிக்கும் திரவம் சுற்றியிருப்பதைக் குளிர்விக்கும்; குளிர்ந்த இடத்தில் காற்றிலுள்ள ஈரம் படியும். திறந்த கலம் என்றால் மேலிருந்து ஈரக்காற்று வேறு உள்ளே இழுபடும். ஈரத்துக்கு அஞ்சும் டிஎன்ஏ எந்திரங்கள் பலவும் உலர்ந்த வாயுவால் தள்ளும் வழியை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே வாயுவைக் கீழிருந்து மேலாக மெதுவாக விட்டால் திரவம் வடியாமல் நிற்கும், குமிழிகள் துகள்களைக் கலக்கியும் விடும். ஒரே தட்டு, ஒரே வாயு; திசையை மாற்றினால் வேலை மாறிவிடுகிறது. இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

96 குழிகள் ஒன்றாக வடியுமா?

ஒரு கலத்தை வடிப்பது சுலபம். ஒரே தட்டில் 96 குழிகள், எல்லாவற்றுக்கும் அடியில் பொதுவான ஒரு வெற்றிட அறை என்று ஆனதும் கதை மாறும். 96-ம் ஒரே வேகத்தில் வடிவதில்லை; ஒன்றில் துகள் கொஞ்சம் குறைவு, இன்னொன்றின் தட்டில் துளை கொஞ்சம் பெரிது. முதலில் காலியாகும் குழி வழியாகக் காற்று தடையில்லாமல் ஓடத் தொடங்கும். கீழே இருந்த வெற்றிடம் சரிந்துவிடும். மற்ற குழிகளில் திரவம் அப்படியே நிற்கும். பம்பின் சத்தம் மட்டும் பலமாகக் கேட்கும். மூலையில் இருக்கும் சில குழிகள் நிறைந்தே இருப்பதைக் கவனிக்காமல் அடுத்த வினைப்பொருளை ஊற்றினால் அவை பொங்கி வழிந்து பக்கத்துக் குழியையும் கெடுக்கும்.

இதற்கு ஒரு அழகான தீர்வு இயற்பியலிலேயே இருக்கிறது. நனைந்த துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காய்ந்த துணியைப்போல் காற்று போகாது. இழைகளுக்கு இடையே உள்ள தண்ணீரைப் பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தின் மேற்பரப்பு தோல்போல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் விசை, விடாமல் வைத்திருக்கிறது. நனைந்த ஃப்ரிட்டும் அப்படியே. ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டினால்தான் காற்று அதைக் கிழித்துக்கொண்டு போகும். அந்த எல்லைக்குக் குமிழி அழுத்தம் என்று பெயர். அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் நனைந்த, 20 மைக்ரோமீட்டர் துளைகள் கொண்ட தட்டுக்கு அது சுமார் 5,800 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் 6 சதவீதம்கூட இல்லை.

இந்த எல்லைக்குக் கீழேயே அழுத்த வேறுபாட்டை வைத்துக்கொண்டால், காலியான குழி தன் ஈரத்தாலேயே தன்னை மூடிக்கொள்ளும். மற்றவை நிதானமாக வடிந்து முடியும். விலை என்ன? வேகம் குறையும், தட்டின் துளைகளில் திரவம் தங்கும். அதாவது எச்ச அளவு கூடும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது.

மேல்வழி: ஊசியால் உறிஞ்சுவது

சல்லடையே வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. துகள்கள் அடியில் படியட்டும், மேலே தெளிந்த திரவத்தை ஊசியால் உறிஞ்சிவிடலாம். அடைப்புப் பிரச்சினை இல்லை. ஆனால் துகள் படியுமா என்பது கரைப்பானைப் பொறுத்தது. டிஎம்எஃப் எனப்படும் டைமெத்தில்ஃபார்மமைடில் ரெசின் துகள்கள் மூழ்கும். டைகுளோரோமீத்தேனின் அடர்த்தி தண்ணீரைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்பதால் அதில் அதே துகள்கள் மிதக்கும். மேலிருந்து உறிஞ்சினால் பல நாள் உழைப்பு கழிவுப் புட்டிக்குப் போய்விடும்!

சுழற்றி வெளியேற்றுவது

துணி துவைக்கும் எந்திரம் கடைசியில் வேகமாகச் சுற்றி ஈரத்தை விரட்டுகிறதே, அந்த வித்தையை வேதிக்கலத்திலும் செய்யலாம். ஆனால் துவைக்கும் எந்திரத்துக்குத் துளையுள்ள பீப்பாய் வேண்டும். இங்கே துளையே இல்லாமல் காரியம் நடக்கிறது.

திறந்த குழிகள் கொண்ட தட்டை ஒரு சுழல்மேடையின் ஓரத்தில் வைக்கிறார்கள். சமமாக வைக்காமல், வெளி விளிம்பு சற்று உயர்ந்து குழிகளின் வாய் மையத்தைப் பார்க்கும்படி லேசாகச் சாய்த்து வைக்கிறார்கள். மேடை சுற்றத் தொடங்கியதும் திரவம் குழியின் வெளிப்புறச் சுவரில் சாய்ந்து ஏறும். 15 செ.மீ. ஆரத்தில் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றினால், வெளிநோக்கித் தள்ளும் விளைவு புவியீர்ப்பைப்போல் சுமார் 20 மடங்கு. அந்த நிலையில் திரவத்தின் மேற்பரப்பு கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும்; செங்குத்திலிருந்து 3 டிகிரி அளவே சாய்ந்திருக்கும்.

இப்போது குழியின் வெளிச்சுவரைக் கற்பனை செய்யுங்கள். தட்டு சாய்ந்திருப்பதால் சுவரின் மேல்முனை உள்பக்கமாகக் கவிழ்ந்திருக்கிறது. செங்குத்தாக நிற்கும் திரவத்துக்கும் கவிழ்ந்த சுவருக்கும் இடையே அடியில் ஒரு ஆப்பு வடிவச் சட்டைப்பை உருவாகிறது. துகள்கள் அந்தப் பையில் போய் அமுங்கிக்கொள்கின்றன. பையில் கொள்ளாத திரவம் மட்டும் விளிம்பைத் தாண்டி வெளியே பறக்கிறது. சாய்வை மாற்றினால் பையின் அளவு மாறும். ஆக எச்ச அளவை நாமே தீர்மானிக்கலாம். 96 குழிகளுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே அளவில் இது நடக்கும். அடைபட ஃப்ரிட் இல்லை, சரிந்துவிழ வெற்றிடம் இல்லை. பார்க்க எளிமையாக இருந்தாலும், வெளியேற்றும் வழிகளில் எனக்கு ஆச்சரியம் தந்தது இதுதான்.

திரவத்தை விட்டுவிட்டுத் துகளைத் தூக்குவது

திரவத்தை அகற்ற முடியாவிட்டால் துகளை அகற்று. 1985-ல் ரிச்சர்ட் ஹூட்டன் ரெசினைச் சிறு வலைப்பைகளில் அடைத்து மூடினார். எல்லாப் பைகளையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பொதுவாக அலசுவது, அப்புறம் தூக்கி வெவ்வேறு பாத்திரங்களில் வெவ்வேறு அமினோ அமிலங்களில் முக்குவது. தேநீர்ப் பை முறை என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது. 248 பெப்டைடுகளை நான்கு வாரத்துக்குள் இப்படித் தயாரித்துக் காட்டினார். பையும் ஈரத்தைச் சுமந்துகொண்டுதான் வரும் என்பதால் அலசல் கணக்கு இங்கும் மாறுவதில்லை.

எந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

பல எந்திரங்களுக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். "20 நொடி வடி" என்று எழுதி வைத்திருப்பார்கள். அது கண்ணை மூடிக்கொண்டு எண்ணும். பாதி அடைபட்ட ஃப்ரிட்டுக்கு 20 நொடி போதாது என்பது அதற்குப் புரியாது. கொஞ்சம் விவரமான எந்திரங்களில் வெளிக்குழாயின் ஒரு பக்கம் விளக்கும் மறுபக்கம் ஒளி உணரியும் இருக்கும். குழாயில் திரவம் இருக்கும்போது ஒளி ஒருவிதமாக வளையும், வாயு இருக்கும்போது வேறுவிதமாக. ஆனால் முதல் குமிழி வந்ததும் முடிந்தது என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். சுவரோர விரிசல் வழியாக வாயு முந்திக்கொண்டு வந்திருக்கலாம்.

வெளியேறும் திரவமே சில சமயம் சாட்சி சொல்லும். டிஎன்ஏ தயாரிப்பிலும் கண்ணிகளுக்குத் தொப்பி உண்டு; அது கழன்று வரும்போது திரவம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நிறத்தின் அடர்த்தியை அளந்தால் முந்தைய கட்டத்தில் எத்தனை சங்கிலிகள் வளர்ந்தன என்று தெரிந்துவிடும்.

வடிக்காமல் விரட்டுவது

இத்தனை அலசலுக்கும் ஆகும் கரைப்பான் கொஞ்சநஞ்சமல்ல. பெப்டைடு தயாரிப்பில் வரும் கழிவில் பெரும்பகுதி அலசிய கரைப்பான்தான். அதில் முக்கியமான டிஎம்எஃப்பைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023 டிசம்பர் முதல் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. அதனால் அலசலையே தவிர்க்கும் வழிகளைத் தேடுகிறார்கள்.

அதில் ஒன்று இப்படி: தொப்பி கழற்றப் பிப்பெரிடினுக்குப் பதில் பைரோலிடின் என்ற காரத்தைப் பயன்படுத்துவது. அது 87 டிகிரியிலேயே கொதிக்கும். பிப்பெரிடினுக்கு 106 டிகிரி வேண்டும். வேலை முடிந்ததும் கலத்தைச் சூடாக்கிக் காரத்தை ஆவியாக்கி அனுப்பிவிடலாம், அலசவேண்டிய தேவை பெருமளவு போய்விடுகிறது. ஆனால் ஆவி மேலே போய்க் கலத்தின் குளிர்ந்த மேல்சுவரில் பட்டால் மறுபடி துளியாகி உள்ளேயே சொட்டும். அதற்காகத் துகள்களுக்கு மேலே உள்ள காலி இடத்தில் நைட்ரஜனை வீசி, படிவதற்கு முன்பே ஆவியை அடித்துக்கொண்டு போகச் செய்கிறார்கள்.